க்ரூஸ் கப்பல் ஏன் அந்தத் தீவில், அந்த எட்டு மணி நேரம் மட்டும் நிற்கிறது

அமெரிக்காவின் மயாமியிலிருந்து கிளம்பும் மூன்று நாள், நான்கு நாள் கரீபியன் க்ரூஸ் எதை எடுத்துப் பார்த்தாலும் அதில் பெரும்பாலும் பஹாமாஸின் தலைநகர் நசாவ் இருக்கும், இல்லையென்றால் மெக்சிகோவின் கோசுமெல் தீவு, அதுவும் இல்லையென்றால் கப்பல் கம்பெனியே வைத்திருக்கும் ஒரு குட்டித் தீவு. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் அப்பா அம்மாக்கள்கூட இப்போது இந்தப் பயணத்தில் போய்வருகிறார்கள். போய்விட்டு வந்தவர்களைக் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றுதான்: கப்பல் பிரமாதம், சாப்பாடு பிரமாதம், தீவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எனக்கு வருத்தம் தருவது அந்தக் கடைசி வார்த்தை. பார்படோஸும் மார்ட்டினிக்கும் செயின்ட் லூசியாவும் ஒன்றுக்கொன்று அவ்வளவு வேறுபட்டவை, மொழி வேறு, மண் வேறு, சாப்பாடு வேறு. ஒரே மாதிரி இருப்பது பயணி இறங்கும் அந்த இருநூறு மீட்டர்தான். அது ஏன் அப்படி இருக்கிறது, கப்பல் ஏன் அந்த ஊரில் நிற்கிறது, ஏன் காலை எட்டுக்கு வந்து மாலை நான்குக்குக் கிளம்புகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு இறங்கினால், அதே எட்டு மணி நேரத்தில் ஒரு தீவை உண்மையாகவே பார்த்துவிடலாம்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் 1886-இல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் ஒன்று இன்றும் நடப்பில் இருக்கிறது. உள்நாட்டுக் கப்பல் தொழிலைக் காப்பாற்றப் போட்ட சட்டம் அது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிட முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய க்ரூஸ் கப்பல்கள் கட்டப்படுவது பின்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில், அவை பதிவு செய்யப்படுவது பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற இடங்களில், வரியும் ஊழியர் சட்டமும் அங்கே லேசு. ஆக மயாமியில் ஏறுகிறவர்கள் எல்லாரும் சட்டப்படி ஒரு வெளிநாட்டுக்குப் போயே ஆக வேண்டும், மூன்று நாள் பயணத்துக்குள் அடங்கும் தூரத்தில் இருக்கும் வெளிநாடு பஹாமாஸ். மயாமியிலிருந்து நசாவ் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர், ஒரே இரவில் மெதுவாக, எரிபொருளை மிச்சம் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம். நசாவ் இவ்வளவு பரபரப்பான துறைமுகமாக இருப்பதற்கு அதன் அழகு ஒரு காரணம் என்றால், இந்தச் சட்டமும் அந்த ஓர் இரவுத் தூரமும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஹவாய்த் தீவுகளை மட்டும் ஒரு வாரம் சுற்றிவரும் பெரிய கப்பல் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் இதே சட்டம்தான் காரணம்: அது மட்டும் அமெரிக்கக் கொடியோடு ஓடுகிறது.

இன்று நாம் பார்க்கும் கரீபியன் க்ரூஸ் ரொம்பப் பழைய விஷயம் ஒன்றும் இல்லை. 1966-இல் 'சன்வர்ட்' என்ற நார்வே கப்பல் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு வாராவாரம் ஓட ஆரம்பித்தது, அதன் பின்னால் இருந்தவர்கள் நுட் க்ளோஸ்டர், டெட் ஆரிசன் என்ற இரண்டு பேர். பிறகு இருவரும் பிரிந்தார்கள், ஆரிசன் 1972-இல் கார்னிவல் கம்பெனியைத் தொடங்கினார். அதற்குள் ராயல் கரீபியனும் வந்துவிட்டது. விமானம் வந்ததும் அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் கப்பல்களுக்கு வேலை போய்விட்ட காலம் அது, கப்பலைப் போக்குவரத்தாகப் பார்த்தது போய் விடுமுறையாகவே விற்கலாம் என்று கண்டுபிடித்தது இந்தத் தலைமுறைதான். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் உச்சக்கட்டமாக 7,600 பயணிகளும் 2,350 ஊழியர்களும் போகலாம். ஏறத்தாழ பத்தாயிரம் பேர், ஒரே கப்பலில்.

அந்தப் பத்தாயிரம் பேர் போய் நிற்கும் ஊர் எவ்வளவு பெரியது என்பதை யோசித்தால்தான் அடுத்தது புரியும். செயின்ட் கிட்ஸ், நேவிஸ் இரண்டு தீவுகளும் சேர்ந்த ஒரு முழு நாட்டின் மக்கள்தொகையே ஐம்பதாயிரத்தை ஒட்டித்தான். முந்நூறு வருடத்துக்கு மேல் கரும்பை மட்டுமே நம்பியிருந்த ஊர், 2005-இல் சர்க்கரை ஆலையை மூடிவிட்டார்கள். கரும்பு ஏற்றிப்போன குறுகிய ரயில் பாதையில் இன்றைக்குக் கப்பல் பயணிகள் உட்கார்ந்து தீவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட் தீவுகளுக்கு வாழைதான் சோறு போட்டது. ஐரோப்பியச் சந்தையில் அவற்றுக்கு இருந்த சலுகையை எதிர்த்து அமெரிக்காவும் லத்தீன் அமெரிக்க நாடுகளும் 1990களில் உலக வர்த்தக அமைப்பில் வழக்கு நடத்தி வென்றன, சிறு விவசாயிகள் பலர் வாழையைக் கைவிட்டார்கள். கரும்பும் போய் வாழையும் போன தீவுக்கு முன்னால் ஒரு கப்பல் கம்பெனி வந்து நின்று "ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேரைக் கொண்டுவருகிறேன், படகுத்துறையை நீளமாகக் கட்டிக் கொடு" என்றால் அந்த அரசாங்கம் எப்படிப் பேரம் பேசும்? முடியாது என்று சொன்னால் கப்பல் அடுத்த தீவுக்குப் போய்விடும். ஓட்டலை நகர்த்த முடியாது, கப்பலை நகர்த்தலாம், இந்தத் தொழிலின் மொத்த பலமும் அங்கேதான் இருக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்று தீவுகள் வாங்கும் வரியின் கதை இதற்கு நல்ல உதாரணம். எல்லாத் தீவுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மாதிரி தலைவரி வைக்கலாம் என்று 1990களில் ஒரு முயற்சி நடந்தது, கம்பெனிகள் எதிர்த்தன, தீவுகளுக்குள் ஒற்றுமை இல்லை, அது படுத்துவிட்டது. சமீபத்தில் மெக்சிகோ கப்பல் பயணிக்குத் தலைக்கு 42 டாலர் என்று 2024 கடைசியில் சட்டம் போட்டது. கப்பல் கம்பெனிகளின் சங்கம் பேச்சுவார்த்தைக்கு வந்தது, முதலில் தள்ளிப்போட்டார்கள், கடைசியில் 2025 ஜூலையிலிருந்து 5 டாலர், 2028-க்குள் படிப்படியாக 21 டாலர் என்று முடிந்தது. மெக்சிகோ போன்ற ஒரு பெரிய நாட்டுக்கே இந்தக் கதி என்றால் ஐம்பதாயிரம் பேர் இருக்கும் தீவு என்ன செய்யும்.

இதற்கு அடுத்த கட்டம் தனித் தீவுகள். நார்வீஜியன் கம்பெனி 1977-இல் பஹாமாஸில் 'கிரேட் ஸ்டிரப் கே' என்ற குட்டித் தீவை வாங்கி ஆரம்பித்து வைத்தது. இன்று டிஸ்னிக்கு காஸ்ட்அவே கே, எம்எஸ்சி-க்கு ஓஷன் கே, ராயல் கரீபியனுக்கு கோகோகே, 2025-இல் கார்னிவல் கிராண்ட் பஹாமாவில் திறந்த செலிப்ரேஷன் கீ என்று வரிசையாக வந்துவிட்டன. அங்கே மணல் நன்றாக இருக்கும், சறுக்கு இருக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நிம்மதி, பாதுகாப்பு, இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. சட்டப்படி அது வெளிநாட்டுத் துறைமுகமும்கூட, ஆகவே 1886 சட்டமும் திருப்தி. ஆனால் அங்கே ஊர் என்று எதுவும் கிடையாது, கடையில் விற்கும் இளநீரிலிருந்து குடை வாடகை வரை பெரும்பகுதி பணம் கப்பல் கம்பெனியின் கணக்குக்கே திரும்பிப் போகிறது. பஹாமாஸ் அரசு இதைக் கவனித்துத்தான் 2024 முதல் தலைவரியை மாற்றியது: நசாவ் அல்லது ஃப்ரீபோர்ட் வரும் பயணிக்கு 23 டாலர், தனித் தீவை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறவருக்கு 25 டாலர். வித்தியாசம் இரண்டே டாலர், ஆனால் அரசு எதைக் கண்டு கவலைப்படுகிறது என்பது அதில் தெரிகிறது.

ஹைட்டியின் லாபடி இன்னும் வேதனையானது. 1980களின் நடுவிலிருந்து ராயல் கரீபியன் அந்தக் கடற்கரை முனையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டு வைத்திருக்கிறது. 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்து லட்சக்கணக்கில் மக்கள் செத்த அதே வாரத்தில் அங்கே கப்பல் போய் நின்றது, நிவாரணப் பொருளையும் இறக்கினார்கள், பயணிகள் கடலில் குளிக்கவும் செய்தார்கள். அது சரியா தவறா என்று அன்றைக்குப் பெரிய விவாதம் நடந்தது. வராமல் இருந்திருந்தால் அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் கூலி போயிருக்கும் என்ற வாதத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை, ஆனாலும் அந்த வேலியை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

சரி, ஊர் இருக்கும் தீவுக்கு வருவோம். வரைபடத்தை விரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: பார்படோஸின் பிரிட்ஜ்டவுன், டொமினிக்காவின் ரோசோ, மார்ட்டினிக்கின் ஃபோர்-த-ஃபிரான்ஸ், கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜஸ், கிராண்ட் கேமனின் ஜார்ஜ் டவுன், கோசுமெலின் சான் மிகுவெல் எல்லாமே தீவின் மேற்கு அல்லது தென்மேற்குப் பக்கம். வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வணிகக் காற்று அடிக்கும் கடல் அது. பாய்மரக் காலத்து ஆட்கள் காற்று மறைவில் இருக்கும் பக்கத்தில்தான் கப்பலை நிறுத்தினார்கள், சர்க்கரையை ஏற்றினார்கள், ஊரைக் கட்டினார்கள், இன்றைய க்ரூஸ் கப்பலும் அதே மறைவில்தான் வந்து நிற்கிறது. பயணிக்கு இதனால் ஒரு பெரிய பயன் உண்டு. கப்பல் நிற்கும் பக்கத்துக் கடற்கரைகள் பொதுவாக அலை குறைந்தவை, நீச்சல் அவ்வளவாகத் தெரியாதவர்கள்கூடக் கழுத்தளவு தண்ணீரில் நிற்கலாம். அட்லாண்டிக் பக்கம், உதாரணத்துக்கு பார்படோஸின் பாத்ஷீபா, பார்க்க மூச்சடைக்கும் அழகு, ஆனால் அங்கே இறங்கிக் குளிப்பது ஆபத்து. 2011-க்குப் பிறகு அட்லாண்டிக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக மிதந்து வரும் சர்காசம் கடற்பாசியும் முக்கியமாகக் கிழக்குக் கரைகளில்தான் குவிகிறது, வசந்தத்திலும் கோடையிலும் அந்தப் பக்கம் போகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிவரும்.

எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கிராண்ட் கேமனில் பெரிய கப்பலுக்குப் படகுத்துறையே கிடையாது, கடலில் நங்கூரம் போட்டுவிட்டு டெண்டர் என்ற சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். காத்திருப்பு, ஏறி இறங்குவது என்று போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் கழிந்துவிடும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அலையில் ஆடும் படகில் காலை வைப்பது சிரமம், கொஞ்சம் காற்று கூடினால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள். பயண அட்டவணையில் டெண்டர் என்று போட்டிருந்தால் அந்த ஊரில் விமானம், திருமணப் பதிவு மாதிரி மாற்ற முடியாத ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்த ஊரில் படகுத்துறை ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதை இருக்கிறது. ஜார்ஜ் டவுன் துறைமுகத்தை ஆழப்படுத்தி, பெரிய கப்பல்கள் நிற்கத் துறை கட்டலாம் என்று கேமன் அரசு பல வருடம் முயன்றது. அதற்குப் பவளப் பாறைகளைத் தோண்ட வேண்டியிருந்தது. பதிவு செய்த வாக்காளர்களில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டால் மக்களே வாக்கெடுப்பு கேட்கலாம் என்று அவர்களின் அரசியல் சாசனத்தில் இடம் இருந்தது, 2019-இல் ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் போய் அந்தக் கையெழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். வழக்கு, ஒத்திவைப்பு, கோவிட் என்று திட்டம் கிடப்பில் போனது. 2025 ஏப்ரலில் பொதுத் தேர்தலோடு சேர்த்து நேரடியாகவே கேட்டார்கள், பெரும்பான்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடுத்து வரும் பெரிய கப்பல்கள் டெண்டர் ஊர்களைத் தவிர்க்கும், வருமானம் குறையும் என்று தெரிந்தேதான் சொன்னார்கள். ஜமைக்காவின் ஃபால்மத் எடுத்த வழி வேறு. 2011-இல் ராயல் கரீபியனோடு சேர்ந்து பழைய ஊரின் முன்னாலேயே ராட்சதத் துறையைக் கட்டினார்கள், பவளப் பாறையைத் தோண்டினார்கள், துறைமுக வளாகத்துக்குள்ளேயே கடைகள் வந்தன, வேலிக்கு வெளியே இருக்கும் ஊர் வியாபாரிகளுக்கு எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை என்ற குறை அன்றிலிருந்து இருக்கிறது.

அந்த வளாகம்தான் நான் முதலில் சொன்ன இருநூறு மீட்டர். கப்பலிலிருந்து இறங்கியதும் நகைக்கடை, கைக்கடிகாரக் கடை, டான்சனைட் கல், ரம் பாட்டில், எல்லா ஊரிலும் அதே பெயர்ப்பலகைகள். கப்பலில் முந்தைய நாள் "ஷாப்பிங் டாக்" என்று ஒரு நிகழ்ச்சி வைத்து, வரைபடம் கொடுத்து, இன்ன இன்ன கடைக்குப் போங்கள் என்பார்கள். அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க கடைகள் பணம் கட்டுகின்றன, வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் அதைப் போட்டும் இருப்பார்கள். நம் ஊரில் தங்க நகையை எடைபோட்டு, செய்கூலி சேதாரம் பார்த்து வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே அவசரத்தில் வாங்குவதில் எந்த லாபமும் இல்லை என்றே நினைக்கிறேன். செயின்ட் தாமஸ் தீவு மட்டும் கொஞ்சம் விலக்கு, டேனிஷ்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே அது வரியில்லாத் துறைமுகம், 1917-இல் அமெரிக்கா 25 மில்லியன் டாலருக்கு அதையும் சேர்த்து வர்ஜின் தீவுகளை வாங்கிய பிறகும் அந்தச் சலுகை தொடர்கிறது, ஆகவே மதுபானம் உண்மையிலேயே மலிவு.

கப்பல் கம்பெனி மூலம் சுற்றுலா எடுப்பதா, வெளியே போய் நாமே டாக்சி பிடிப்பதா என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லை. கம்பெனி மூலம் போனால் பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும், அதுதான் அவர்கள் விற்கும் உண்மையான பொருள். விலை அதற்கேற்ப அதிகம், பயணி கொடுப்பதில் பாதிக்கும் குறைவாகவே தங்கள் கைக்கு வருகிறது என்று உள்ளூர்க்காரர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். என் கணக்கு எளிமையானது, போகும் இடம் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பார்ப்பேன். செயின்ட் லூசியாவில் கப்பல் காஸ்ட்ரீஸில் நிற்கும், எல்லாரும் பார்க்க விரும்பும் பித்தோன் மலைகள் சூஃப்ரியேர் பக்கம், மலைப்பாதையில் வளைந்து வளைந்து போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஒரு லாரி குறுக்கே நின்றால் போச்சு. அங்கே கம்பெனிச் சுற்றுலாவோ, கரையோரமாகப் போகும் பெரிய படகோ நல்லது. கோசுமெலில் இறங்கி ஃபெர்ரி ஏறி எதிர்க்கரைக்குப் போய் டூலும் பார்ப்பதும் அப்படித்தான். மாறாக பிரிட்ஜ்டவுனில் கம்பெனிச் சுற்றுலாவுக்குத் தேவையே இல்லை. முனையத்திலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். அரசின் நீல பஸ், தனியாரின் மஞ்சள் பஸ், பாட்டை அலறவிட்டுக்கொண்டு பறக்கும் இசட்-ஆர் வேன், எதில் ஏறினாலும் 3.50 பார்படோஸ் டாலர், அதாவது அமெரிக்கக் கணக்கில் ஒன்றே முக்கால் டாலர். மேற்குக் கரை நெடுக ஸ்பைட்ஸ்டவுன் வரை பஸ்ஸில் போய்வந்தால் ஊர்க்காரர்கள் எப்படிப் பேசுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் எப்படி டிரைவருக்கு வணக்கம் சொல்லி ஏறுகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். கார்லைல் விரிகுடாவில் கடற்கரை பொதுச் சொத்து, யாரும் காசு கேட்க முடியாது, நாற்காலிக்கு மட்டும்தான் வாடகை.

நசாவில் பே ஸ்ட்ரீட் என்ற கடைத்தெருவைத் தாண்டிப் போனால் அடிமைகள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செதுக்கிய குயின்ஸ் ஸ்டெயர்கேஸ் படிக்கட்டு இருக்கிறது, கப்பலிலிருந்து நடக்கும் தூரம். அந்தப் பாறைச் சுவர்களுக்கு நடுவே வெயில் ஏறாது, நின்று அந்தச் செதுக்கலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கிருந்து சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் அரவாக் கே போய்ச் சங்குச் சதையை எலுமிச்சையும் மிளகாயும் போட்டுப் பச்சையாகக் கலந்து தருவதைச் சாப்பிடலாம், சைவமென்றால் பட்டாணிச் சோறு இருக்கும், ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தமிழர்கள் தவறவிடக் கூடாத துறைமுகங்கள் மார்ட்டினிக்கும் குவாதலூப்பும். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். 1853-இல் மார்ட்டினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், மார்ட்டினிக்குக்கு 25,000 பேர், அதில் தமிழர்கள் ஏராளம். மொழி போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. குவாதலூப்பில் கப்பல் நிற்கும் பொயின்ட்-அ-பித்ரிலிருந்து டாக்சியில் போகும் தூரத்தில் காபெஸ்டெர் என்ற ஊரின் ஷாங்கி பகுதியில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே, நம் ஊர்க் கோயில் போலவே வண்ணச் சிலைகளோடு கோயில் நிற்கிறது. அதே ஊர்க்காரர்தான் ஆன்ரி சிதம்பரம். பிரெஞ்சு மண்ணில் பிறந்த இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமையும் குடியுரிமையும் உண்டு என்று 1904-இல் தொடங்கி 1923 வரை, பத்தொன்பது வருடம் போராடி வென்றவர். நசாவ் வாசலில் டி-ஷர்ட் வாங்கி வரும் நம் ஆட்கள் அவர் பெயரையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. இந்த இரண்டு தீவுகளிலும் செலாவணி யூரோ, பேச்சு பிரெஞ்சும் கிரியோலும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும்.

இனி நேரம். கப்பல் ஏன் மாலையே கிளம்பிவிடுகிறது என்றால், பெரும்பாலான துறைமுகங்களில் நிற்கும்போது கப்பலின் சூதாட்டக் கூடமும் வரியில்லாக் கடையும் மூடியிருக்க வேண்டும், கடலுக்குள் போன பிறகுதான் திறக்கலாம். அதோடு இரவில் மெதுவாக ஓட்டினால் எரிபொருள் மிச்சம். ஆகவே நமக்குக் கிடைப்பது பகல் மட்டும், அதிலும் கடைசி ஏற்ற நேரம் கிளம்புவதற்கு அரை மணி முன்பே முடிந்துவிடும். இதில் பலர் மாட்டிக்கொள்வது கைபேசியால். கோசுமெல் இருக்கும் மாநிலம் 2015-லிருந்து கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் கோடையில் அந்த ஊர் நேரம் மயாமி நேரத்துக்கு ஒரு மணி பின்னால் இருக்கும். கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால், கைபேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறி, "இன்னும் ஒரு மணி இருக்கே" என்று நம்மை உட்காரவைத்துவிடும். கப்பல் நேரத்தில் ஓடும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்வதே உத்தமம். அப்படியும் கப்பலை விட்டுவிட்டால், ஊழியர்கள் உங்கள் அறையிலிருந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து, கப்பல் கம்பெனிக்காக அந்தத் துறைமுகத்தில் இருக்கும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம், அந்த ஏஜெண்ட் எண் கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் அமெரிக்க விசா பலமுறை நுழையும் வகையா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்க்க வேண்டும், ஒரே கப்பலில் போய்த் திரும்பினாலும் மறுபடி அமெரிக்காவுக்குள் நுழைவதாகத்தான் கணக்கு. ஒவ்வொரு தீவின் விசா விதியும் தனி.

சின்ன விஷயங்கள் சில. பார்படோஸ், செயின்ட் லூசியா, ஜமைக்கா, டிரினிடாட் உள்ளிட்ட பல தீவுகளில் ராணுவ நிற உடுப்பைப் பொதுமக்கள் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைக்கும் அந்த டிசைன் வேண்டாம். கடற்கரையில் பச்சை ஆப்பிள் போலக் குட்டிக் காய் காய்க்கும் மான்சினீல் மரம் இருந்தால் தள்ளியே இருங்கள், காய் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலும் அப்படித்தான். பல இடங்களில் சிவப்பு வண்ணம் பூசி அடையாளம் வைத்திருப்பார்கள். செயின்ட் தாமஸ் பக்கம் ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் 2020-லிருந்து தடை, பவளத்துக்குக் கெடுதல் என்று. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம், அப்போது சில மாதங்களில் டிக்கெட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டீலியா கம்பெனியின் 'எம்பிரஸ்' கப்பல், 1990-இல் ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது, மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று நான்கு நாள் பயணம் போவதற்கென்றே வடிவமைத்த கப்பல் அது. சூதாட்டக் கூடம் இருக்கிறது என்ற எதிர்ப்பில் புதுச்சேரி அதை உள்ளே விடவில்லை. அடுத்த வருடம் 2023 ஜூனில் அதே கப்பல் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்கு வந்தது, அம்பாந்தோட்டையும் திருகோணமலையும் சேர்த்து. காங்கேசன்துறையில் இன்னும் நகைக்கடை வளாகம் எழவில்லை. இறங்கினால் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் கீரிமலைக் கேணியும் ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போகும் தூரம், யாழ் நகரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வாடகை வண்டிக்காரர் ஊர்க்காரரா, மதியச் சாப்பாடு ஊர்க் கடையிலா, தலைக்கு என்ன வரி, அந்த வரி எந்த ஊர்க் கணக்குக்குப் போகிறது என்று முடிவெடுக்க அங்கே இப்போது நேரம் இருக்கிறது. ஃபால்மத்தில் துறையைக் கட்டி முடித்த பிறகுதான் இதையெல்லாம் கேட்டார்கள்.